ரேடியேட்டரில் போட்ட மஞ்சள்

இதை எழுத ஆறு வருடம் தயங்கினேன். ஒவ்வொரு வருடமும் என் மனைவியின் திவசம் முடிந்ததும் நோட்டை எடுப்பேன். மேலே அம்மன் பெயரை எழுதுவேன். அதற்குமேல் கை ஓடாது.

எங்கள் பழைய கார் அடிக்கடி சூடாகிறது என்று கடத்தூர் மெக்கானிக்கிடம் காட்டினேன். "போர் தண்ணியே ஊத்தி ஊத்தி உள்ள உப்புப் படிஞ்சிருக்குதுங்க. ஒரு அரை நாளு வண்டிய விடுங்க, ரேடியேட்டரக் கழட்டிக் கழுவிடலாம்" என்றார். அறுப்பு முடியட்டும், ஆடி போகட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். பிறகு ரேடியேட்டர் ஒழுகத் தொடங்கியது. மஞ்சள் தூள் போட்டால் ஓட்டை அடையும் என்று லாரிக்காரர்கள் சொல்வார்கள். நான் கடை மஞ்சளைப் போடவில்லை. அம்மன் கோயிலில் கொடுத்த மஞ்சளை இரண்டு கை அள்ளி, வேண்டிக்கொண்டு போட்டேன். மனைவி வாசலில் நின்று சிரித்தாள். "மஞ்ச வெளிய பூசறதுங்க. உள்ள கரைச்சு ஊத்தி வண்டிக்குக் கொழம்பு வெக்கறீங்களா?" ஒழுக்கு நின்றது. அம்மனே அடைத்துவிட்டாள் என்று ஊரெல்லாம் சொன்னேன். மெக்கானிக்கிடம் போகவே இல்லை.

அந்த மாசியில் அவளுக்கு மூச்சுத் திணறியது. தர்மபுரியில் பார்த்த டாக்டர்கள் உடனே சேலம் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் வரக் கொஞ்ச நேரமாகும் என்றதும், நம் வண்டி போதும் என்று நான்தான் கிளப்பினேன். அதியமான்கோட்டை தாண்டியதும் முன்னால் ஆவி கிளம்பி என்ஜின் நின்றது. பின் சீட்டில் சாய்ந்திருந்தவள், "என்னையவிட உங்க வண்டிக்குத்தான் ரொம்ப முடியல போலிருக்குதுங்க" என்றாள். அவள் பேசியது அதுதான் கடைசி. வேறு வண்டியை மறித்து ஏற்றிச் சேலம் சேர்ந்தபோது, "இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..." என்று டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

காரியம் முடிந்த பிறகு ரேடியேட்டரை நானே கழற்றினேன். மேலே ஊற்றிய தண்ணீர் கீழே சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. கீழ்வாயில் ஓஸ் பைப்பைச் செருகித் தலைகீழாகத் தண்ணீர் விட்டேன். துருவும் உப்பும் மஞ்சளும் கலந்த சேறு கட்டிகட்டியாக விழுந்தது. தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவினேன். காலையில் உட்கார்ந்தவன் மதியச் சோற்றுக்கு முன் எழுந்துவிட்டேன். அவ்வளவுதான் வேலை.

இன்றும் விளக்கு வைக்கிறேன். எதையும் கேட்க வாய் வருவதில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள், "ஆத்தா கூப்புட்டுக்கிட்டா, நீ என்னப்பா பண்ணுவ" என்கிறார்கள். அந்த ஆறுதல் எனக்கு வேண்டாம். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது விதி என்று ஒரு சொல் சேர்க்காதீர்கள், அம்மனையும் இழுக்காதீர்கள். அரை நாள் ஒதுக்கி நான் கழுவவில்லை என்பதை, எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள்.