தேய்ந்துபோன கோப்பை

ராணுவ அதிகாரிகளின் மெஸ்ஸில் சித்தப்பாவை எல்லோரும் 'பளபளா' என்றுதான் கூப்பிட்டார்கள். அங்கிருந்த வெள்ளிச் சாமான்களைத் துடைப்பது அவர் வேலை. வீட்டில் ஒரு டம்ளரைக்கூடக் கழுவாத மனுஷன் என்று சித்தி புலம்பிப் புலம்பி ஓய்ந்துவிட்டாள்.

சாப்பாட்டு மேசையின் நடுவில் வைக்கிற பெரிய கோப்பை என்றால் அவருக்கு உயிர். சண்டையில் செத்துப்போனவர்களின் பெயர்களை அதில் வெட்டியிருந்தார்கள். விருந்து இருக்கிறதோ இல்லையோ, கை வலிக்க வலிக்க அதைத் தினமும் தேய்ப்பார். பின் அலமாரியில் கிடந்த, அதேபோலப் பெயர் வெட்டிய வெள்ளித் தட்டுகளை மட்டும் சோம்பல்பட்டுத் தொடவே மாட்டார். அவை கன்னங்கரேலென்று கறுத்துக் கிடந்தன.

இந்த வருஷம் அந்தப் படைப்பிரிவையே கலைத்துவிட்டார்கள். சாமான்களைப் பிரிக்க ஓர் அதிகாரி வந்தார். வெட்டிய எழுத்து கண்ணுக்குத் தெரிந்தால் சாமான் அருங்காட்சியகத்துக்குப் போகும், தெரியாவிட்டால் உருக்கிவிடுவார்கள். கறுத்த தட்டுகளில் ஒவ்வொரு எழுத்தும் வெட்டினபடியே இருந்தது. கோப்பையை அதிகாரி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல என் மூஞ்சிதான் தெரியுது. வேற ஒண்ணையும் காணோமே."

சித்தப்பா சுவரில் சாய்ந்துகொண்டார். அதிகாரிக்கே பாவமாகிவிட்டது.

"ஒரு பேராவது ஞாபகம் இருந்தா சொல்லுங்க. அதை வச்சு உருக்காம காப்பாத்தப் பாக்கறேன்."

இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அந்தப் பெயர்களை அவர் படித்ததில்லை.

"தினமும் துடைச்சேன் சார்," என்றார்.