எங்கள் பூத்தின் ஒற்றை ஓட்டு

எங்கள் ஊர் பூத்தில் மூன்று சட்டமன்றத் தேர்தல்களாக ஒரு சுயேச்சைக்கு ஒரே ஒரு ஓட்டு விழுந்துகொண்டிருந்தது. அது என் மனைவியின் ஓட்டு என்று நான் சந்தேகப்பட்டேன். பதினைந்து வருஷமாக இதே நினைப்பு. ஐம்பத்தெட்டு வயதில் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

காரணம் இல்லாமல் இல்லை. அந்த ஆள் என் மனைவியைப் பெண் பார்க்க வந்தவன். எனக்கு முன்னால் வந்தவன். பஜ்ஜி, காபி எல்லாம் முடிந்து, ஜாதகமும் பொருந்தி, கடைசியில் என் மாமனார்தான் வேண்டாம் என்றிருக்கிறார். அவன் ஊர் எங்கள் வாய்க்காலின் கடைமடை. மேட்டூரில் தண்ணீர் திறந்தால் எங்கள் வயலுக்குச் சீக்கிரமே வந்துவிடும். அவன் ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் நாற்று மஞ்சளாகிவிடும். "தண்ணி எட்டாத ஊருல பொண்ணக் குடுத்துட்டு நான் நிம்மதியா தூங்க முடியாது" என்று சொல்லிவிட்டு, அதே வாய்க்காலின் தலைமடையில் இருந்த எனக்குக் கொடுத்தார். கல்யாணமான மறுவருஷம் என் மைத்துனன் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். நானும் அன்றைக்குச் சிரித்தேன்.

எங்கள் தொகுதிக்கு இரண்டு கட்சிகளைத்தான் தெரியும். ஒரு தடவை நாங்கள், மறு தடவை அவர்கள். மேலத்தெரு எங்களுக்கு, கீழத்தெரு அவர்களுக்கு, புதுத்தெரு மட்டும் கடைசி நாள்வரை வாயைத் திறக்காது. ஒருமுறை தொகுதியைப் பிரித்து எல்லைக் கோட்டை மாற்றிப் போட்டார்கள். பக்கத்து ஊர் வேறு தொகுதிக்குப் போனது, கடைமடை ஊர்கள் எங்களோடு வந்து சேர்ந்தன. எங்கள் பூத்துக்கு முப்பது வருஷமாக நான்தான் கட்சி ஏஜென்ட். வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயர் பக்கத்திலும் பென்சிலால் குறி போடுவேன். டிக் என்றால் நம் ஓட்டு, சுழி என்றால் அவர்கள் ஓட்டு, கேள்விக்குறி என்றால் வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டும். என் மனைவியின் பெயருக்கு எப்போதும் கேட்காமலே டிக் போட்டுவிடுவேன்.

தொகுதி மாறிய பிறகு வந்த தேர்தலில்தான் அவன் முதல் தடவையாக நின்றான். ஒரு பழைய மொபெட், அதில் கட்டிய ஒரு குழாய் ஸ்பீக்கர், கையில் நோட்டீஸ். நோட்டீஸில் ஒரே ஒரு கோரிக்கை: கடைமடைக்குத் தண்ணீர் வேண்டும். படித்தவுடன் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஊரில் மற்றவர்களுக்கு அது விவசாயக் கோரிக்கை. எனக்கு அது, எந்தத் தண்ணீர் இல்லாததால் பெண் கிடைக்கவில்லையோ அந்தத் தண்ணீரைக் கேட்டு அவன் என் மனைவிக்கு அச்சடித்து அனுப்பிய கடிதம். நோட்டீஸைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓட்டு எண்ணும் இடத்துக்கும் நான்தான் போனேன். எங்கள் பூத்தின் இயந்திரத்தைத் திறந்து ஒவ்வொரு வேட்பாளருக்கும் விழுந்ததை வாசித்தார்கள். நான் பேப்பரில் குறித்துக்கொண்டே வந்தேன். அவன் பெயர் வந்தது. "ஒன்று" என்றார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எதிர்க்கட்சி ஏஜென்ட், "யாருண்ணே உங்க ஊருல அந்தப் புண்ணியவான்?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று என் வீட்டுச் சமையலறை ஞாபகம் வந்தது.

அதற்குப் பிறகு நான் பட்டபாடு கொஞ்சமில்லை. சுயேச்சைக்கு ஒவ்வொரு தேர்தலிலும் வேறு வேறு சின்னம் கொடுப்பார்கள். இரண்டாவது தடவை அவனுக்குத் தையல் இயந்திரம். அந்த வருஷம் பார்த்து இவள் மூலையில் கிடந்த தையல் மெஷினை எண்ணெய் போட்டுத் துடைத்து ஜாக்கெட் தைக்க ஆரம்பித்தாள். மூன்றாவது தடவை கட்டில். "நம்ம கட்டில் ஆடுதுங்க, வேற ஒண்ணு வாங்கலாமா?" என்று அவள் கேட்டபோது, தேர்தல் முடியட்டும் என்று சொல்லிவிட்டேன். ஏன் தேர்தல் முடிய வேண்டும் என்று அவளுக்குப் புரியவில்லை. அல்லது புரிந்திருக்கலாம். அவனைப் பற்றிப் பேச்சு வந்தால் அவள் 'அவரு' என்பாள். என்னையும் 'அவரு' என்றுதான் சொல்வாள். இரண்டும் ஒரே மாதிரி காதில் விழுந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

நேராகக் கேட்டிருக்கலாம். ஒரு தடவை கேட்டேன். "ஓட்டு யாருக்குப் போட்டேன்னு சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே ஊரெல்லாம் சொல்றீங்க" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் தெரு நிலங்களுக்கெல்லாம் தண்ணீர் பாயும் பெரிய மடை என் வயலின் தலைமாட்டில் இருக்கிறது. முறை வைத்துத் தண்ணீர் விடும்போது எங்கள் நாட்கள் முடிந்ததும் மடைப் பலகையை இறக்கி எங்கள் பக்கத்தை அடைத்துத் தண்ணீரைக் கீழே அனுப்புவது என் பொறுப்பு. தலைமடைக்காரனுக்கே உள்ள மெத்தனத்தில் நான் எப்போதுமே ஒருநாள் தாமதம்தான். அந்த ஒற்றை ஓட்டுக்குப் பிறகு வேண்டுமென்றே மூன்று நாள், நான்கு நாள் என்று இழுத்தேன். என் வயல் ததும்பி வடிகாலில் வழிந்து வீணாகும். அதைப் பார்த்துக்கொண்டு வரப்பில் நிற்பேன். கீழே அவன் நாற்று காய்கிறது என்று நினைத்தால் மனசுக்கு இதமாக இருக்கும். அவனோடு அந்த ஊர் முழுவதும் காய்ந்தது. அதை நான் நினைக்காமல் பார்த்துக்கொண்டேன்.

இந்தத் தடவை தேர்தல் வந்தபோது என் மனைவி ஊரில் இல்லை. மகளின் பிரசவத்துக்குச் சிங்கப்பூர் போயிருந்தாள். அவன் வழக்கம்போல நின்றான். மொபெட் மட்டும் மாறியிருந்தது. சின்னம் மேசை விளக்கு. எனக்கு உள்ளுக்குள் குறுகுறுத்தது. அவள் இல்லாமல் அவனுக்கு ஒன்று விழுந்தால் இதுவரை போட்டது அவள் இல்லை என்று ஆகிவிடும். பூஜ்யம் விழுந்தால் அவள்தான். பதினைந்து வருஷச் சந்தேகம் ஒரே நாளில் தீர்ந்துவிடும்.

ஓட்டுப் போடும் நாளன்று, அட்டைத் தடுப்புக்குள் இயந்திரத்தின் முன்னால் நின்றேன். எங்கள் சின்னம் மேலே இருந்தது. மேசை விளக்கு ரொம்பக் கீழே. அந்தப் பூஜ்யம் என் கண்முன் வந்தது. அதை எண்ணும் இடத்தில் உரக்க வாசிப்பார்கள், நான் என் கையாலேயே குறித்துக்கொள்ள வேண்டும். முப்பது வருஷக் கட்சிக்காரன், ஏஜென்ட், மேசை விளக்கை அழுத்தினேன். பக்கத்துப் பெட்டியின் கண்ணாடியில் அவன் பெயர் போட்ட சீட்டு தெரிந்து, உள்ளே விழுந்தது. வெளியே வந்தபோது எங்கள் ஆட்கள் டீ கொடுத்தார்கள். என்னால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் பூஜ்யம் வராது என்ற நிம்மதி இருந்தது.

எண்ணும் நாளன்று எங்கள் பூத்தை வாசித்தார்கள். அவன் பெயர் வந்தது. "ஒன்று."

"உங்க ஊரு ஒத்த ஓட்டு பத்திரமா இருக்குண்ணே" என்று பக்கத்திலிருந்தவர் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே குறித்தேன். குறித்த பிறகுதான் உறைத்தது. இந்த ஒன்று என்னுடையது. இதுவரை போட்டது வேறு யாராவதாக இருந்தால் இன்றைக்கு இரண்டு வந்திருக்க வேண்டும். பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தேன். எங்கள் கட்சி ஜெயித்ததா தோற்றதா என்று அப்புறம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் போன் செய்தாள். பேரன் பால் குடிப்பது, சிங்கப்பூர் மழை எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "நம்ம பூத்துல அவருக்கு எத்தன விழுந்துச்சு?" என்று கேட்டாள்.

"ஒண்ணு."

அவள் எழுந்து கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"நான்தான் இங்க இருக்கேனே" என்றாள்.

ஆக, அவளே சொல்லிவிட்டாள். கோபம் வரும் என்று பதினைந்து வருஷமாகத் தயாராக இருந்தேன். வரவில்லை. "ஏன் போட்ட?" என்று கேட்டேன்.

"நீங்க மடைப் பலகைய இறக்காம வெச்சிருக்கிறது எனக்குத் தெரியாதாக்கும். மொதல்ல ஒரு நாளு, அப்புறம் நாலு நாளு. அந்த ஊருல எத்தன பேரு நாத்து காஞ்சுது. உங்ககிட்டச் சொன்னா கேக்கவா போறீங்க? எங்கிட்ட இருந்தது அந்த ஒரு ஓட்டுதான், போட்டேன்."

ஒரு நாளை நான் நாலு நாளாக இழுத்ததே அந்த ஓட்டுக்காகத்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

"இந்தத் தடவ யாரு போட்டதுன்னு நான் கேக்கல" என்றாள். "குறுவைக்குத் தண்ணி வந்தா முறை முடிஞ்ச அன்னிக்கே பலகைய இறக்கிடுங்க. அடுத்த தேர்தல்ல நான் வேற யாருக்காவது போட்டுக்கிறேன்."

வேறு யாருக்கு என்று நான் கேட்பதற்குள் குழந்தை அழுதது, போனை வைத்துவிட்டாள்.