கண் முதலில், முகம் பிறகு

எங்கள் வீட்டுக்கு வந்த பட்டாளம் தலையில்லாமல்தான் வந்தது.

அதைத் தீபாவளிக்குக் கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. அவர் ஜொகூர் பாருவில் குடியிருந்து, தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வந்தவர். நாங்கள் அதே ஜொகூரில் ரெங்கம் என்ற சின்ன ஊரில் இருந்தோம். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. பெட்டியின் மேலிருந்த படத்தில் சிவப்புச் சட்டை போட்ட சிப்பாய்கள் ஒரு குன்றின்மேல் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஆசையாகத் திறந்தேன். உள்ளே சாம்பல் நிறத்தில் சில பிளாஸ்டிக் சட்டங்கள்தான் இருந்தன. அவற்றில் தலை ஒரு பக்கம், கை ஒரு பக்கம், துப்பாக்கி ஒரு பக்கம் என்று ஒட்டிக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு சிப்பாய் பாதி விரல் உயரம்கூட வரமாட்டான்.

"உடைஞ்சத காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்கான் பாரு என் தம்பி" என்றார் அம்மா.

"இல்லக்கா, இத நாமதான் ஒட்டணும், நாமதான் பெயிண்ட் அடிக்கணும். அப்புறம் மேசையில மலை, காடுலாம் செஞ்சு வச்சுச் சண்டை விளையாடுவாங்க. பெரிய பெரிய ஆளுங்களே விளையாடுறாங்க."

"பெரிய ஆளுங்களா? அவங்களுக்கு வேற வேல இல்லியா?"

மாமா முறுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அரை மணி நேரம் பொறுமையாக ஒட்டிப் பார்த்தேன். முதல் சிப்பாய்க்குத் தலை முதுகுப்பக்கம் திரும்பிக்கொண்டது. இரண்டாவது சிப்பாய் என் விரலோடு ஒட்டிக்கொண்டான். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு விளையாடப் போய்விட்டேன். அதை வெளியே எடுத்தது அக்கா. அவளுக்கு அப்போது பதினாறு வயது, இடைநிலைப் பள்ளியில் படிவம் நான்கில் படித்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகளே, என் அக்காவுக்கு யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. எல்லாவற்றையும் கெடுத்துக் கெடுத்துத்தான் அவள் கற்றுக்கொண்டாள். ஒவ்வொரு சிப்பாயையும் ஒரு போத்தல் மூடியில் ஒட்டி, மூடியைப் பிடித்துக்கொண்டு வண்ணம் தீட்டுவாள். கடையில் வாங்கிய தூரிகையின் மயிரை வெட்டி வெட்டி, கடைசியில் நாலைந்து மயிர் மட்டும் விட்டுவைப்பாள். சீனர்கள் எழுத்து எழுதும் கறுப்பு மையைத் தண்ணீரில் கலந்து மேலே தடவுவாள். மை சட்டை மடிப்புகளுக்குள் இறங்கி நிழல்போல் நிற்கும்.

குன்று செய்யத்தான் ரொம்பப் பாடுபட்டாள். முதல் குன்றை வெள்ளை நுரை அட்டையில், அதுதான், டிவி பெட்டிக்குள் முட்டுக்கொடுத்து வைப்பார்களே, அதில் செதுக்கினாள். அதன்மேல் ஸ்பிரே பெயிண்ட் அடித்தாள். பெயிண்ட் பட்ட இடமெல்லாம் நுரை உருகி, குன்று குழியாகிவிட்டது. இரண்டாவது குன்றுக்குக் கோதுமை மாவைக் கூழாகக் காய்ச்சிக் காகிதம் ஒட்டிக் காப்புப் போட்டாள். அதை எறும்புகள் மூன்று நாளில் தின்றுவிட்டன. மூன்றாவது குன்றுக்கு வெள்ளைப் பசை பூசி, அம்மாவின் மாவுச் சல்லடையில் மணலைச் சலித்துத் தூவினாள். குன்று நின்றது. சல்லடைக்காக அவளுக்கு முதுகில் இரண்டு அடி விழுந்தது. எண்ணெய் எடுக்கும் செம்பனையின் காய்ந்துபோன பூவைத் தோட்டத்திலிருந்து பொறுக்கிவந்து, அதன் காம்புகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துக் குன்றின்மேல் நட்டாள். அசல் மரங்கள் மாதிரியே இருந்தன.

நான் செய்த முதல் தப்பு அந்தக் குன்றிலிருந்துதான் ஆரம்பித்தது.

அந்த வாரம் பள்ளியில் அப்பாவைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் வகுப்பில் கடைசிக்கு முந்தியவன். ஆசிரியர் என்ன சொன்னாரோ தெரியாது. அப்பா வீட்டுக்கு வந்து என்னை அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. குளித்துவிட்டு வந்து பின்கட்டில் நின்றார். அங்கே பழைய மேசைமேல் குன்றும் சிப்பாய்களும் இருந்தன. அப்பா பக்கத்து நகரமான குளுவாங்கில் ஒரு மின்சாரச் சாமான் கிடங்கில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகூட காலையில் போனால் இருட்டித்தான் வருவார். அக்கா செய்துகொண்டிருந்ததை அவர் பார்த்ததே இல்லை.

வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு, "யாருய்யா செஞ்சது இது?" என்று கேட்டார்.

"நான்தான்ப்பா."

அப்பா என் தலையில் கை வைத்தார். "படிப்பு வரலன்னா போவுது, கை இருக்குல்ல உனக்கு" என்றார்.

அக்கா குசினியில் அடுப்புப் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா போன பிறகு என் காதைப் பிடித்துத் திருகினாள். "நல்லாத்தான் கத விடுற. சரி, ஒரு மாசத்துக்கு என் பங்குக்கு வர்ற மங்கு, தட்டு எல்லாம் நீ கழுவு. நான் வாயைத் திறக்க மாட்டேன்." நான் கழுவினேன். அது அப்போது எங்கள் இருவருக்கும் விளையாட்டுத்தான். அவளுக்கு லாபமும் இருந்தது. அப்பா மறுநாளிலிருந்து கிடங்கில் மிஞ்சிய நுரை அட்டைகளை மோட்டார்சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். "இந்தாய்யா" என்று என்னிடம் கொடுப்பார். நான் அக்காவிடம் கொடுப்பேன். அவள் அதில் பாலம் கட்டினாள், இடிந்த கோட்டை கட்டினாள், சிவப்புச் சட்டைப் பட்டாளம் முழுவதையும் முடித்தாள்.

பிறகு மாமா ஒரு தாள் கொண்டுவந்தார். ஜொகூர் பாருவில் இந்தப் பட்டாளப் பொம்மைகளை விற்கும் கடையில் போட்டி. தானே வண்ணம் தீட்டிய பட்டாளத்தையும் தானே செய்த நிலத்தையும் கொண்டுவந்து வைக்க வேண்டும். நல்லதுக்குப் பரிசு. தாளில் பெயர் எழுத ஒரு கோடுதான் இருந்தது. அப்பா பேனா கேட்டார். அக்காதான் எடுத்துவந்து கொடுத்தாள். அப்பா என் பெயரைப் பெரிய எழுத்தில் நிதானமாக எழுதி முடிக்கும்வரை அவள் பக்கத்திலேயே நின்றாள். 'அக்காதான் செஞ்சது' என்று சொல்ல எனக்கு அங்கே எவ்வளவோ நேரம் இருந்தது.

போட்டி நடந்த ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டு, மாமாவின் காரை இரவல் வாங்கி அப்பா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனார். பின்சீட்டில் அக்கா குன்றை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குழிக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அப்பா போட்டிருந்தது தீபாவளிச் சட்டை.

கடை ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. ஏழெட்டு மேசைகள். அவற்றின்மேல் பாலைவனம், பனிக்காடு, இடிந்த ஊர். மாமா சொன்னது பொய்யில்லை. தாடி வைத்த பெரிய ஆட்கள், சீனர்களும் மலாய்க்காரர்களும், தையல்காரர் மாதிரி அளவு நாடாவை நீட்டி நீட்டித் தங்கள் சிப்பாய்களை நகர்த்தி, பகடை உருட்டி, செத்த ஆளை எடுத்துத் தனியே வைத்தார்கள். அப்பாவுக்கு எங்கே நிற்பதென்று தெரியவில்லை. படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கி நின்றார்.

கடைக்காரர் வயதான சீனர். நெற்றியில் பட்டை கட்டி அதில் பூதக்கண்ணாடி மாட்டியிருந்தார். எங்கள் குன்றின் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். ஒரு சிப்பாயை எடுத்தார், வைத்தார், இன்னொன்றை எடுத்தார். இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். கூட்டம் சேர்ந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் யாருடையது என்று மலாயில் கேட்டார்.

"அனாக் சாயா" என்றார் அப்பா. என் பிள்ளை என்று. படிக்கட்டை விட்டு எப்போது கூட்டத்துக்கு நடுவே வந்தார் என்று நான் பார்க்கவில்லை. கிடங்கில் பெட்டி தூக்கும் என் அப்பா, முன்பின் தெரியாத அத்தனை பேருக்கு நடுவில் நெஞ்சை நிமிர்த்தி நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒரு சிப்பாயின் முகத்தைக் காட்டி, "மாத்தா டூலு கா, மூக்கா டூலு?" என்றார். கண் முதலிலா, முகம் முதலிலா?

இது எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அந்த வருடம் எங்கள் ஊர்க் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். சாமி சிலைகளுக்கெல்லாம் வர்ணம் அடித்து, கண்ணை மட்டும் விட்டுவைத்து, கடைசியில்தான் திறந்தார்கள். ஊரே கூடி நின்று பார்த்தது. அதனால் தயங்காமல் சொன்னேன். கண்தான் கடைசி. எங்கள் கோயிலில் சாமிக்கும் அப்படித்தான் என்று மலாயில் விளக்கமும் கொடுத்தேன்.

கடைக்காரர் சிரிப்பை நிறுத்தினார். கண்ணாடியை இறக்கி அந்த முகத்தை மறுபடி பார்த்தார். பிள்ளைகளே, அக்கா எப்போதும் கண்ணைத்தான் முதலில் வைப்பாள். மயிரளவு வெள்ளைக் கோடு, அதில் ஒரு கறுப்புப் புள்ளி. அவ்வளவு சின்ன இடத்தில் அது வழியத்தான் செய்யும். பிறகு தோல் நிறத்தை மேலேயும் கீழேயும் கொண்டுவந்து வழிந்ததை மூடிவிடுவாள். கண்ணின் ஓரத்தில் தோல் நிறம் ஏறியிருப்பதைப் பூதக்கண்ணாடி வைத்தவர் பார்த்துவிட்டார். மாதக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து சுண்டல் தின்ற நான் ஒரு தடவைகூட அதைப் பார்த்ததில்லை.

அவர் முகம் தீட்டாத ஒரு சிப்பாயையும் தூரிகையையும் என்னிடம் நீட்டினார். ஒரே ஒரு கண் வைத்துக் காட்டச் சொன்னார்.

"செய்யுய்யா, காட்டு" என்றார் அப்பா.

தூரிகையை வாங்கினேன். வண்ணத்தில் தோய்த்துக் கிட்டே கொண்டுபோனேன். வெள்ளை வண்ணம் ஒரு சொட்டு மேசையில் விழுந்தது. யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். அப்பா இன்னும் சிரித்துக்கொண்டேதான் இருந்தார். ஆனால் அந்தச் சிரிப்பு என்ன செய்வதென்று தெரியாமல் அவர் முகத்தில் அப்படியே நின்றது.

என் விரலிலிருந்து தூரிகையை அக்கா உருவிக்கொண்டாள்.

"தம்பிக்கு ஆளுங்க பாத்தா கை வேர்த்துரும்" என்று மலாயில் கடைக்காரரிடம் சொன்னாள். "கண் கடைசின்னு அவன் சொன்னது பெரிய சாமி சிலைக்கு. சின்ன பொம்மைக்கு முதல்ல வைக்கணும்னு அவன்தான் எனக்குச் சொல்லிக் குடுத்தான். நான் வச்சுக் காட்டவா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் உட்கார்ந்தாள். முழங்கை இரண்டையும் மேசையில் ஊன்றினாள், மணிக்கட்டோடு மணிக்கட்டைச் சேர்த்தாள், மூச்சை நிறுத்தினாள். ஒரு கோடு, ஒரு புள்ளி. எழுந்துவிட்டாள்.

கூட்டம் கை தட்டியது. அப்பாவும் தட்டினார். "பாத்தீங்களா, அக்காவுக்கே சொல்லிக் குடுத்திருக்கான்" என்று தமிழ் தெரியாதவர்களிடம் தமிழில் சொன்னார். கடைக்காரர் மட்டும் தட்டவில்லை. அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் பரிசு எங்களுக்குத்தான். ஒரு பெட்டி நிறைய வண்ணப் போத்தல்கள், தூரிகைகள். கடைக்காரர் அதை அக்காவுக்கும் எனக்கும் நடுவில்தான் நீட்டினார். அப்பா என் முதுகில் கை வைத்து முன்னே தள்ளினார். வாங்கிக்கொண்டேன்.

திரும்பும்போது காரில் பெட்டியை மெல்ல அக்கா பக்கம் நகர்த்தினேன். அவள் தொடவில்லை. "வச்சுக்க. அப்பா கண்ணாடியில பாக்கிறாரு" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். மாட்டிக்கொள்ளாமல் தப்பித்த சந்தோஷத்தில் நான் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தேன்.

அப்பா கிடங்கில் எல்லாரிடமும் சொல்லியிருந்தார். அடுத்த ஞாயிறு வேலைக்குப் போகவில்லை. காலையிலேயே ஒரு நாற்காலியைப் பின்கட்டுக்குத் தூக்கிவந்து போட்டு உட்கார்ந்தார். "நீ பாட்டுக்குச் செய்யுய்யா. நான் சும்மா பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார்.

செய்தேன். என் சிப்பாயின் கண்கள் வறுத்த நெத்திலியின் கண்கள்போல் வந்தன. அப்பா வாங்கிப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பரவால்ல. இன்னிக்கு மனசு ஒரு நிலையில இல்ல போல" என்று மேசைமேல் பத்திரமாக வைத்தார்.

அக்கா துணி காயப்போட வாளியோடு எங்களைக் கடந்து போனாள். அப்பா அவளைக் கூப்பிட்டார். "பாப்பா, அன்னிக்குக் கடையில நீ நல்லாத்தானே வச்ச? நீயும் வந்து உக்காரு. தம்பிகிட்ட மிச்சத்தையும் கத்துக்க."

மேசைமேல் புதிய வண்ணப் போத்தல்கள் மூடி திறந்து வரிசையாக இருந்தன. அக்கா அவற்றை ஒரு கணம் பார்த்தாள்.

"அது ஏதோ அன்னிக்கு வந்துருச்சுப்பா. எனக்கெல்லாம் வராது" என்றாள். வாளியைத் தூக்கிக்கொண்டு கொடிப்பக்கம் போய்விட்டாள்.

அதன் பிறகு அவள் தூரிகையைத் தொட்டு நான் பார்க்கவில்லை. பரீட்சை வருகிறது, அதனால்தான் என்று நினைத்தேன். பரீட்சை முடிந்த பிறகு, சலித்துவிட்டது போல என்று நினைத்தேன். அவள் இரண்டாவது தடவையும் என்னைக் காப்பாற்றிவிட்டாள் என்றுதான் அன்று எனக்குத் தெரிந்தது. அவள் காப்பாற்றியது அப்பாவை என்பதும், அந்த வீட்டில் இனி அவள் ஒரு சிப்பாய்க்குக் கண் வைத்தால்கூட அப்பாவுக்கு எல்லாம் தெரிந்துவிடும் என்பது கொடிக்குப் போகும்போதே அவளுக்குத் தெரிந்திருந்தது என்பதும் எனக்குத் தெரியாது. அவள் வராது என்று சொன்னபோது நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அப்பாவின் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்துகொண்டேன்.