தீர்த்தத்துக்கு மட்டும் ஊற்று நீர்

திருச்சிராப்பள்ளிக்குக் கிழக்கே, அரியமங்கலத்தைத் தாண்டிக் காட்டூருக்குப் போகும் வழியில், ஒரு சிறிய கத்தோலிக்கக் கோவில் இருந்தது. அமிர்தராஜ் அங்கே இருபத்திரண்டு ஆண்டுகள் கோவில்பிள்ளையாக வேலை பார்த்தார். மணியடிப்பது, பீடத் துணிகளை மாற்றுவது, மெழுகுவர்த்தி ஏற்றுவது ஆகியவற்றோடு, ஞாயிறுதோறும் பூசைக்கு முன் பங்குச் சுவாமியார் மந்திரிக்கும் தீர்த்தத்துக்குத் தண்ணீர் இறைத்து வைப்பதும் அவர் பொறுப்பு. அதற்கென்று வைத்திருந்த குடத்தைப் புளியிட்டுத் துலக்குவார். மனைவியைக்கூடத் தொட விடமாட்டார்.

தண்ணீர் கோவில் கிணற்றிலிருந்து வந்தது. தெருவின் முப்பது வீடுகளுக்கும் அதுவே குடிநீர். எந்த மதம் என்று கேட்டு அங்கே யாரையும் திருப்பியனுப்பிய வழக்கம் இல்லை.

1957இல் கோவிலுக்குத் தெற்கே தோல் பதனிடும் ஒரு தோல்ஷாப்பு தொடங்கினார்கள். தோல் ஊறிய உப்புநீரும் சுண்ணாம்பு நீரும் பட்டைச்சாறும் மதிலை ஒட்டிய வாய்க்காலில் ஓடின. ஓராண்டுக்குள் கிணற்று நீர் கரித்தது; பின்னர் நிறமும் மாறியது.

“எங்க வீட்டுல காப்பித்தூள் செலவே இல்ல, வேலம்மா. கிணறே கலந்து குடுத்துடுது” என்றாள் இறைக்க வந்த ஒருத்தி.

“அப்படியே சர்க்கரையையும் போடச் சொல்லுடி. வாயில வைக்க முடியல” என்றாள் வேலம்மாள். அவள் கணவன் பிச்சமுத்து அந்தத் தோல்ஷாப்பிலேயே கூலிக்கு இருந்தான்.

அமிர்தராஜுக்கு அந்த நீரைப் பீடத்தருகே கொண்டுபோக மனம் ஒப்பவில்லை. சனிக்கிழமை விடியற்காலையில் சைக்கிளில் குடத்தைக் கட்டிக்கொண்டு காவிரிக்குப் போனார். ஆறு வற்றிய மாதங்களில் மணலில் ஊற்றுத் தோண்டி, தெளியும் வரை காத்திருந்து மொண்டு வந்தார். மூன்று ஆண்டுகள் ஒரு வாரமும் தவறவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. ஆண்டவருக்குச் செய்யும் மரியாதையை விளம்பரப்படுத்தக் கூடாது என்பது அவர் எண்ணம்.

1961 தொடக்கத்தில், வேலம்மாள் முன்னின்று தெருவார் கைநாட்டும் கையெழுத்துமாக ஒரு மனுக் கொடுத்தார்கள். அதன்பேரில் ஒரு சனிக்கிழமை சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். பங்குச் சுவாமியார் மாற்றலாகி வந்து இரண்டு மாதமே ஆகியிருந்தது. சமையல்காரர் தேத்தாங்கொட்டை இழைத்துத் தெளியவைத்த கிணற்று நீரையே அவர் குடித்துவந்தார். இந்த ஊர்த் தண்ணீரின் ருசியே அதுதான் என்று நினைத்திருந்தார்.

“கிணத்துத் தண்ணிதானே வேணும்? அமிர்தராஜ் காலையில இறைச்சு வச்சிருக்கார், பாருங்க” என்று பீடத்தின் பின்னறையில் இருந்த குடத்தைக் காட்டினார்.

இன்ஸ்பெக்டர் தம் புட்டியை அந்தக் குடத்திலிருந்து நிரப்பினார். “கண்ணாடி மாதிரி இருக்கே. எதுக்குச் சாமி மனு?” என்றார்.

அமிர்தராஜ் இரண்டடி தூரத்தில் நின்றார். புதிதாக வந்த சுவாமியார் முன்னிலையில் தாம் மூன்று ஆண்டுகளாக மறைத்ததைச் சொல்ல நா எழவில்லை. புட்டிக்கு மூடி போட்டாயிற்று, சீட்டும் ஒட்டியாயிற்று.

மூன்று வாரங்களில் அறிக்கை வந்தது. தண்ணீர் குடிக்கத் தகுந்தது என்று எழுதிய தாளைக் கிணற்றுச் சுவரில் ஒட்டினார்கள். அதுவரை வேலம்மாள் தன் பத்து மாதப் பெண் குழந்தை வள்ளிக்கண்ணுக்காக அரை மைல் நடந்து ஒரு வயற்கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்திருந்தாள்.

“அண்ணே, சர்க்கார் காயிதத்துல நல்ல தண்ணின்னு போட்டிருக்காம். நீங்க தினம் பொழங்கறவரு. புள்ளைக்குக் குடுக்கலாமா?” என்று கேட்டாள்.

“பரிசோதிச்சுப் பாத்துத்தானே எழுதியிருக்காங்க” என்றார் அமிர்தராஜ்.

அந்தப் பதில் அவரை உறங்கவிடவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் நடந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை, சுவாமியாரிடம் இரகசியமாகப் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் அனைத்தையும் சொன்னார். சுவாமியார் கூறிய மறுமொழியைப் பிற்காலத்தில் அமிர்தராஜே பலரிடம் தெரிவித்திருக்கிறார்.

“தண்ணியும் ஆண்டவர் படைச்சதுதான். அத நம்ம பொறுப்புல விட்டிருக்கார். கிணத்தக் கெட விட்டுட்டுத் தீர்த்தத் தொட்டிய மட்டும் காப்பாத்தினா, அவருக்கு அது மரியாதையா? இங்க கேட்டத நான் வெளியில பேச முடியாது. ஜாடையாக்கூடக் காட்ட முடியாது. நீங்களே பங்களாவுக்கு வந்து என்கிட்ட சொல்லுங்க. இன்னைக்கே வாங்க.”

அன்று அவர் போகவில்லை. அரசாங்கப் பரிசோதனையைக் கெடுத்த குற்றத்துக்குச் சிறை உண்டோ, கோவில் கொடுத்த வீட்டைக் காலி செய்ய நேருமோ என்றெல்லாம் அஞ்சினார். நாளை, நாளை மறுநாள் என்று தள்ளினார். சுவாமியார் குடியிருந்த பங்களாவுக்குப் போகும்போதெல்லாம், அவர் அதே பானையிலிருந்து அதே நீரை மொண்டு குடிப்பதைக் கண்டார். வேறு நீருக்கு மாறினால்கூடப் பாவசங்கீர்த்தன இரகசியம் வெளிப்பட்டுவிடும் என்று அவர் குடிக்கிறார் என்பது அமிர்தராஜுக்குப் புரிந்தது. 

குருத்து ஞாயிற்றுக்கு இரண்டு நாள் முன்பு, ஐந்து நாள் பேதிக்குப் பின் வள்ளிக்கண்ணு இறந்தாள். தண்ணீர்தான் காரணம் என்று மருத்துவமனையில் சொல்லியனுப்பினார்கள்.

அன்று மாலையே அமிர்தராஜ் பங்களாவுக்குப் போய்ச் சொன்னார். சுவாமியார் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தாளும் பேனாவும் எடுத்து இன்ஸ்பெக்டருக்கு எழுத உட்கார்ந்தார். மறுநாள் அமிர்தராஜ் வேலம்மாள் வீட்டு வாசலில் நின்று, காவிரியில் ஊற்றுத் தோண்டியது முதல் எல்லாவற்றையும் சொன்னார். பிச்சமுத்து சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். வேலம்மாள் முழுவதையும் கேட்டாள்.

“உங்க சாமிக்கு ஆகாத தண்ணின்னு உங்களுக்கு மூணு வருசமாத் தெரியும். எம்புள்ளைக்கு மட்டும் ஆகும்னு எப்படிண்ணே தோணுச்சு?”

 அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கிணற்று நீரை மறுபடி பரிசோதித்துக் கிணற்றைப் பலகையிட்டு மூடினார்கள். தோல்ஷாப்பின் மேல் போட்ட மனு இரண்டு ஆண்டுகள் அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. ஒவ்வொரு முறையும் அமிர்தராஜ் நேரில் போய்த் தாமே சாட்சி சொன்னார். 1964இல் தெருவுக்கு ஒரு குழாய் வந்தது. வாய்க்காலை யாரும் தடுக்கவில்லை.

அமிர்தராஜ் 1967 ஐப்பசியில் காலமானார். அடக்கத்துக்குப் பிச்சமுத்து வந்திருந்தான். வேலம்மாள் வரவில்லை.