அந்தப் போனைப் போட்டது நான்தான்

மூன்றாம் கிளாஸோடு நின்றவன் நான். ஏலப்பாறையில் தேயிலைக்காட்டு லயத்தில் பிறந்து, கொழுந்துக் கூடை சுமந்து, இன்றைக்கு இந்த மலையில் ஏலத்தோட்டம் வைத்திருக்கிறேன். ஜீப் ஏறவே ஏறாது என்று எஞ்சினியர் கைவிட்ட பாறையில் வழி வெட்டினேன். மூன்று மேடு தாண்டி ஓடைத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தேன். காய் உலர்த்த ஸ்டோர் கட்டினேன். மாதா கோயிலுக்குப் படி, பஸ் நிற்கிற இடத்தில் கூரை, எல்லாம் நான். போலீஸ் ஸ்டேஷன் வாசல் மழையில் நனைகிறது என்றார்கள். வராந்தாவிலிருந்து படி முடிய ஷீட் போட்டுக் கொடுத்தேன். நான் போன் போட்டால் ஸ்டேஷனில் உடனே எடுப்பார்கள். அதை நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

என் ஸ்டோரில் அடுப்பைப் பார்த்துக்கொண்டவர் பதினாறு வருஷம் என்னோடு இருந்தவர். உலர்ந்த காயை ஒரு பிடி அள்ளி வலது காதோரம் குலுக்குவார். உள்ளே இருக்கும் விதை அரி கலகலவென்றால்தான் அடுப்பை அணைப்பார். அவர் பார்த்து அனுப்பிய மூட்டை ஒன்றுகூட குமுளிக் கடையிலிருந்து திரும்பி வந்ததில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், உலர்த்திய காய் ஒரு சாக்கு குறைந்தது. அஞ்சு கிலோ பச்சைக்காய் போட்டால் ஒரு கிலோ வர வேண்டும். ஸ்டோர் சாவி இரண்டு பேரிடம்தான் இருந்தது, ஒருவன் நான், இன்னொருவர் அவர். யோசிக்கவே இல்லை. ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன்.

"ஆளு நல்லவன்தான் சாரே. ரெண்டு தட்டு தட்டினா சொல்லிருவான்."

"சேட்டன் வீட்ல இருங்க. நாங்க பாத்துக்கறோம்," என்றார் எஸ்.ஐ.

மத்தியானம் கூட்டிப்போனார்கள், சாயங்காலம் விட்டார்கள். அவர் ஒன்றும் ஒத்துக்கொள்ளவில்லை. வலது காதில் விழுந்த அறையில் சவ்வு கிழிந்துவிட்டது.

அடுத்த பறிப்புக் காயை நானே அடுப்பருகில் உட்கார்ந்து உலர்த்தினேன். அப்போதும் அதே அளவு குறைந்தது. புதிதாக வந்த ஆட்கள் மழைக்குப் பயந்து விளையாத காயையும் சேர்த்து உருவியிருக்கிறார்கள். பிஞ்சில் ஏது எடை? திருட்டே நடக்கவில்லை. காயைக் கையில் வாங்கியதும் எடை சொல்கிறவன் என்று இந்த மலையில் எனக்குப் பேர். எனக்கு அது தெரியாமல் போனது.

அவர் வீட்டுக்குப் போனேன்.

"இந்தப் பக்கம் வந்து பேசுங்க மொதலாளி," என்றார். "அந்தக் காத ஸ்டேஷன்லயே விட்டுட்டு வந்துட்டேன்."

அவர் சம்சாரம் சிரிக்கவில்லை. "போலீஸக் கேட்டீங்க. இவர ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல," என்றது.

அந்த அம்மா மேலே மனுக் கொடுத்தது. பெரிய அதிகாரி ஒருவர் விசாரிக்க வந்தார். 'மழை ஈரத்தில் ஸ்டேஷன் படி வழுக்கி விழுந்தார்' என்று ஸ்டேஷனில் எழுதிவைத்திருந்தார்கள். கேமரா அன்றைக்கென்று வேலை செய்யவில்லையாம். என் மகனைக் கூட்டிக்கொண்டு நானாகவே போய் வாக்குமூலம் சொன்னேன்.

"அடிக்கச் சொன்னது நான் சார். இன்னொண்ணு, அந்தப் படியில ஈரமே இருக்காது. எந்தக் காத்துக்கும் சாரல் உள்ள வராது. ஷீட் போட்டவன் நான், எனக்குத் தெரியாதா?"

அதிகாரி பேனாவை மூடினார். "அப்பாவுக்கு வயசாச்சு, மனசு கேக்காம பேசறாரு," என்று என் மகனிடம் சொன்னார். மகன் தலையாட்டினான். நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தாளில் ஏறவில்லை.

படியில் வழுக்கியதுதான் என்று மனுவை முடித்துவிட்டார்கள். எஸ்.ஐ. மாற்றலாகி வேறு ஊரில் அதே தொப்பியோடு இருக்கிறார். நான் திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் அடுப்புக்காரர் ஸ்டோருக்கு வரவில்லை. இடது காதில் குலுக்கிப் பார்த்தாராம், சரியாகப் பிடிபடவில்லையாம். இப்போது களை வெட்டப் போகிறார். இன்னொரு மனுப் போடலாம் என்றேன். "போதும் மொதலாளி, இன்னொரு காதுதான் மிச்சம்," என்றார்.

மாதா கோயில் படியில் என் பெயர் கல்லில் இருக்கிறது. பஸ் கூரையில் பெயிண்டில் இருக்கிறது. இந்தக் காரியத்தில் மட்டும் நான் இல்லையாம். எழுத மாட்டார்கள், தெரியும். ஆனாலும் கேட்கிறேன். அறைந்தவர் பெயரை எழுதுங்கள். அனுப்பிவைத்தவன் நான். என் பெயரையும் அதற்குக் கீழே எழுதுங்கள்.