பன்னிரண்டு கம்பியும் ஒரு வாயும்

லிவர்பூலை ஒட்டிய பூட்டிலில் குடியிருந்த வின்ஸ் ரிம்மர், பஸ்ஸில் ஏறினால் லிதர்லாண்டுக்குத்தான் டிக்கெட் எடுப்பான். லிதர்லாண்டு பூட்டிலைத் தாண்டி இருக்கிறது, காசும் கூடுதல். ஆனால் ‘பூட்டில்’ என்று சொல்வதற்கு முதலில் உதடு இரண்டும் ஒட்ட வேண்டும். ஒட்டினால் அவனுக்கு லேசில் பிரியாது. பின்னால் நிற்கிற கிழவிகள் எல்லாம் உச்சுக்கொட்டத் தொடங்கிவிடுவார்கள். அதனால் லிதர்லாண்டு என்று சொல்லிவிட்டு, தன் வீட்டு முக்கில் இறங்கிக்கொள்வான். வாலிப வயதில் ஆரம்பித்த இந்தப் பழக்கம் தலை நரைத்த பிறகும் போகவில்லை.

வேலையைக்கூட வாயைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தான். ஆற்றுக்கு அக்கரையில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை. இரும்புத் தகட்டில் சம்மட்டி விழுகிற சத்தத்தில் அங்கே ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது, எல்லாம் கைச்சாடைதான். மற்றவர்கள் காது போய்விடுமே என்று புலம்பிய இடத்தில் அவன் நிம்மதியாக இருந்தான்.

பாட்டென்று வந்துவிட்டால் மட்டும் திக்காது. அது ஏன் என்று டாக்டருக்கும் தெரியவில்லை, பாதிரியாருக்கும் தெரியவில்லை. மெல்லிய, உயரமான குரல். தெருவிலுள்ள மற்ற பையன்கள் சண்டைக்குப் போன நேரத்தில் இவன் மாதாகோயில் பாடகர் வரிசையில் நின்றான். அங்கிருந்து அவனை இழுத்துக்கொண்டு வந்தவன் டெஸ் ஹாலரன். பகலில் ரொட்டி வேன் ஓட்டுவான், மற்ற நேரமெல்லாம் கிட்டார். தாள வாத்தியத்துக்கு ஆல்பி, பேஸ் கிட்டாருக்கு நார்மன், இரண்டாவது கிட்டாருக்கு டெர்ரி. இப்படிச் சேர்ந்ததுதான் ஸ்லிப்வேஸ். அறுபதுகளின் அந்த வருஷங்களில் லிவர்பூலில் கல்லை எறிந்தால் ஒரு பாட்டுக்குழுவின் மேல்தான் விழும், இது அவற்றில் ஒன்று.

இவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே மூச்சு விடமாட்டார்கள். ஒரு பாட்டின் கடைசி அடி விழுகிறபோதே ஆல்பி அடுத்த பாட்டுக்கு எண்ணத் தொடங்கிவிடுவான். கேட்டவர்கள் ‘என்ன வேகம்டா’ என்று மெச்சினார்கள். முன்னால் நிற்பவன் வாய் திறந்து பேச வேண்டி வராமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. யாரும் இதை உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை, வின்ஸும் நன்றி சொல்லவில்லை. தானாக அமைந்தது.

டெர்ரி ஒரு நாள் கப்பலில் பரிமாறுகிற வேலை கிடைத்துக் கடலுக்குப் போய்விட்டான். குழுவின் சத்தம் பல் விழுந்த வாய்போல ஆகிவிட்டது. அப்போதுதான் டெஸ் பன்னிரண்டு கம்பி மின்கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான்.

சும்மா சொல்லக்கூடாது, அது சத்தமா அது! ஆறு கம்பி இருக்க வேண்டிய இடத்தில் ஆறு சோடி. தடித்த கம்பி ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலே அதே சுரத்தை ஒரு ஸ்தாயி மேலே பாடுகிற மெல்லிய கம்பி ஒன்று. மிச்சமுள்ள மெல்லிய இரண்டு சோடியும் இரட்டைப் பிள்ளைகள், ஒரே சுரம். ஒரு முறை வருடினால் இரண்டு பேர் வாசிப்பதுபோலவும், கூடவே யாரோ மணிக்கொத்தைக் குலுக்குவதுபோலவும் கேட்கும். டெர்ரி இருந்தபோதுகூட ஆல்பியின் அடிக்கு மேலே வின்ஸின் குரல் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது அதற்குக் கீழே தரை கிடைத்தது. முதல் ஒத்திகையில் வின்ஸ் பாடிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டுத் திரும்பி அந்தக் கிட்டாரையே பார்த்தான். இத்தனை வருஷம் தன் குரல் இவ்வளவு நல்ல குரல் என்று அவனுக்கே தெரியாது.

ஆனால் அதில் ஒரு சனியன் இருந்தது. பன்னிரண்டு கம்பியும் பன்னிரண்டு மாமியார். ஒருத்தியைச் சமாதானப்படுத்தினால் இன்னொருத்தி கோபித்துக்கொள்வாள். ஒன்றை முறுக்கினால் கழுத்துக் கட்டை அசைந்து அடுத்தது இறங்கும். மத்தியானத்தில் பாட்டும் ஆட்டமும் நடக்கிற நிலவறை கிளப்புகளில் சுவரே வியர்த்து வழியும், அந்தப் புழுக்கத்தில் ஒரு பாட்டு முடிவதற்குள் பாதிக் கம்பி சுருதி விட்டுவிடும். டெஸ் குனிந்து முறுக்கத் தொடங்குவான். ஆல்பியின் எண்ணிக்கை வாயிலேயே நிற்கும். வின்ஸுக்கு முன்னால் மைக், மைக்குக்கு முன்னால் ஊர். எல்லாரும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அவன் ஷூவைப் பார்ப்பான். தண்ணீர் குடிப்பான். ஒரு மத்தியானத்தில் எத்தனை முறைதான் தண்ணீர் குடிக்க முடியும்?

இந்த நேரம் பார்த்து ஸ்டேப்பிள்டன் என்ற ஏஜெண்ட் வந்து சேர்ந்தார். மேன் தீவில் டக்ளஸ் நகரத்து நடன மண்டபம் ஒன்றுக்குக் கோடைக்காலம் முழுக்க வாசிப்பதற்குக் குழு தேடிக்கொண்டிருந்தார். ஏஜெண்டுகளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. இவர் மழையில்லாத நாளிலும் மழைக்கோட்டைக் கழற்றாத ஆசாமி.

“சத்தம் பிரமாதம்பா. அந்தக் கிட்டாரை மட்டும் விட்டுடாதீங்க” என்றார். “ஆனா நடுவுல ஏன் இப்படி எழவு வீடு மாதிரி நிக்கிறீங்க? பாடுறவன் நாலு வார்த்தை பேசணும். எந்த ஊரு, என்ன பேருன்னு சொல்லணும். சனிக்கிழமை மத்தியானம் நியூ பிரைட்டன் கடற்கரை மண்டபத்துல உங்களைப் பார்க்கிறேன். பேசினா டக்ளஸ், இல்லன்னா வேற ஆளைப் பார்த்துக்கிறேன்.”

“நான் பேசுறேன் சார், பின்னாடியிருந்தே” என்றான் ஆல்பி.

“உன் கெட்ட வார்த்தையைத்தான் இப்பக் கேட்டேனே. குடும்பத்தோட வர்ற இடம்பா அது.”

டெஸ் ஒரு வரி தயார் செய்து கொடுத்தான். ‘வணக்கம், நாங்க ஸ்லிப்வேஸ், பூட்டில்லேர்ந்து வர்றோம்.’ அவ்வளவுதான்.

“லிதர்லாண்டுன்னு சொல்லட்டுமே” என்றான் நார்மன்.

“நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் கூட்டத்துல இருந்தா செருப்பால அடிப்பான்டா” என்றான் டெஸ்.

அந்த வாரம் முழுக்க வின்ஸ் கப்பலின் வயிற்றுக்குள் நின்று அந்த வரியைச் சொல்லிப் பார்த்தான். சம்மட்டிச் சத்தத்தில் தன் குரல் தனக்கே கேட்காதபோது ஒரு எழுத்தும் சிக்கவில்லை. பூட்டில், பூட்டில், பூட்டில். தண்ணீராக ஓடியது. சம்மட்டி நின்றதும் தொண்டையும் நின்றது. மண்டபத்துக்குச் சம்மட்டியையா தூக்கிக்கொண்டு போக முடியும்?

அதற்குள் அவன் மனதில் ஒரு கணக்கு முடிந்திருந்தது. கிட்டார் இல்லாமல் குழு இல்லை. கிட்டார் இருந்தால் இடைவெளி உண்டு. இடைவெளி இருந்தால் வாயுள்ள பாடகன் வேண்டும். ஆக, போக வேண்டியவன் யார் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சனிக்கிழமை அந்த வரி வரவில்லை என்றால் குழுவை விட்டு விலகிவிடுவது என்று முடிவு செய்துகொண்டான். யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கும் வாய்தானே வேண்டும்.

டெஸ் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தான். ஏஜெண்ட் காதில் பளிச்சென்று விழ வேண்டுமே என்று சனிக்கிழமை காலையில் பன்னிரண்டு கம்பியையும் கழற்றிவிட்டுப் புத்தம் புதிய கம்பிகளை மாட்டிவிட்டான். புதுக் கம்பி பழகும்வரை இளகிக்கொண்டே இருக்கும், ஒரு நாளாவது இழுத்து வாசித்துப் பழக்க வேண்டும். இது கிட்டார் தொட்ட யாருக்கும் தெரியும், டெஸ்ஸுக்கும் தெரியும். ஆசை யாரை விட்டது?

முதல் பாட்டு வெள்ளிபோல ஒலித்தது. கடற்கரைக்கு வந்த குடும்பங்கள் ஆடுவதை விட்டுவிட்டு மேடையைப் பார்த்தன. பாட்டு முடிந்தபோது பன்னிரண்டு கம்பியும் பன்னிரண்டு திசையில் நின்றன.

“ஐயையோ” என்றான் டெஸ், குனிந்தான்.

வின்ஸ் மைக்கைப் பிடித்தான். தூணோரம் மழைக்கோட்டு தெரிந்தது.

“வ… வணக்கம். நாங்க ஸ்லிப்வேஸ். ப்… ப்…”

உதடு ஒட்டிக்கொண்டது. பிரியவில்லை. நெற்றி நரம்பு புடைத்தது. முன்வரிசையில் ஒரு பெண் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

“கரையில தூக்கிப் போட்ட மீனு மாதிரி துடிக்கிறான் பாரு” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மண்டபம் சலசலத்தது. அவ்வளவுதான், முடிந்தது என்று வின்ஸ் நினைத்தான். கூட்டம் மங்கலாகத் தெரிந்தது.

முதுகுக்குப் பின்னாலிருந்து டெஸ் கத்தினான். “டேய் வின்ஸ், இந்தச் சந்தக்கடை இரைச்சல்ல எனக்கு ஒரு மண்ணும் கேக்கல. அடுத்த பாட்டு தொடங்குற சுரத்தைக் கொஞ்சம் பாடிக் குடுடா. மைக்குலயே குடு.”

பேசச் சொன்னால்தானே கஷ்டம், பாடச் சொன்னால் என்ன? அந்தப் பாட்டை எத்தனையோ மேடையில் பாடித் தேய்ந்த தொண்டை. உதடு பிரிந்தது. ‘ஆ’ என்று அந்த ஒற்றைச் சுரத்தை எடுத்து நீட்டிப் பிடித்தான். டெஸ் தடித்த கம்பியைத் தட்டினான். இரண்டு சத்தமும் ஒட்டாமல் அலையலையாக நடுங்கின. டெஸ் முறுக்க முறுக்க அலை மெதுவானது, இன்னும் மெதுவானது, பிறகு அலையே இல்லை. குரல் எது, கம்பி எது என்று பிரிக்க முடியவில்லை.

“இன்னொண்ணு, ஒரு ஸ்தாயி மேல” என்றான் டெஸ்.

வின்ஸ் மேலே போனான். மெல்லிய கம்பி அவனைத் தேடிக்கொண்டு ஏறி வந்தது. மண்டபத்தில் சலசலப்பு அடங்கிப்போனதை அவன் கவனிக்கவில்லை. ஆட வந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கம்பி வந்து சேர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சேர்ந்ததும் ஒரு கிழவர் “ஆங்” என்றார். அடுத்த சோடிக்கு நாலைந்து பேர் “ஆங்” என்றார்கள். சோடி சோடியாக ஆறும் சேர்ந்தன. கடைசிச் சுரத்தை விடாமலே வின்ஸ் பாட்டுக்குள் இறங்கினான். டெஸ் பன்னிரண்டையும் ஒன்றாக வருடினான். அந்தச் சத்தத்தை நான் எழுதிக் காட்ட முடியாது. மண்டபம் கைதட்டியதில் ஆல்பி தாளத்தைத் தவறவிட்டான் என்பதை மட்டும் சொல்கிறேன்.

அன்று ஒவ்வொரு பாட்டுக்கும் கம்பி இறங்கியது, ஒவ்வொரு முறையும் அவன் சுரம் கொடுத்தான். பூட்டிலை யாரும் கேட்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் ஸ்டேப்பிள்டன் மேடைக்குப் பின்னால் வந்தார். “அந்தச் சுருதி சேர்க்கிற வித்தை யாரு யோசனை?”

“கிறிஸ்துமஸ்லேர்ந்து ஒத்திகை பார்க்கிறோம் சார்” என்றான் ஆல்பி, கூசாமல்.

“பேச்சைவிட அது தேவலைப்பா, டக்ளஸ்லயும் அதையே வச்சுக்கோங்க.” வின்ஸைப் பார்த்து, “உனக்குப் பேச்சு கொஞ்சம் கஷ்டமோ?” என்று கேட்டார்.

வின்ஸ் தலையாட்டினான்.

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே. நான் என்ன புலியா, கரடியா?” என்று சொல்லிவிட்டு மழைக்கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு போனார். வின்ஸ் டிரம் பெட்டிமேல் உட்கார்ந்து தன்னையறியாமல் சிரித்தான். ஒரு வாரமாக நெஞ்சில் கிடந்த இரும்புத் தகட்டை யாரோ தூக்கி எடுத்ததுபோல இருந்தது.

அந்தக் கோடை டக்ளஸில் நன்றாகவே கழிந்தது. இசைத்தட்டு ஒன்றும் வரவில்லை. நார்மனுக்குக் கல்யாணமானதும் குழு கலைந்தது, வின்ஸ் பட்டறைக்கே திரும்பினான். பிற்பாடு தெருக் கல்யாணங்களில் எவனாவது கிட்டாரை எடுத்தால் “வின்ஸு, சுரம் குடுப்பா” என்று கூப்பிடுவார்கள். அவனும் டீக் கோப்பையைக் கீழே வைக்காமலே கொடுப்பான்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதே சனிக்கிழமை சாயங்காலத்தைப் பற்றி. ரொட்டி வேனைக் கடற்கரைச் சாலையில் நிறுத்திவிட்டு, நாலு பேரும் காகிதத்தில் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். வின்ஸ் திடீரென்று ஆரம்பித்தான்.

“நா… நான் இன்னிக்கோட… ப்… ப்…”

“பசிக்குதா?” என்றான் நார்மன். “என்னுதை எடுத்துக்கோ.”

“சும்மா இருடா” என்றான் டெஸ். “நான் கம்பி முறுக்கி முடிக்கிற வரைக்கும் அவன் எவ்வளவு நேரம் நின்னான். நமக்கு இப்ப என்ன ரயிலு புறப்படுதா?”

மூவரும் காத்திருந்தார்கள். யாரும் கடலைப் பார்க்கவில்லை, ஷூவையும் பார்க்கவில்லை, அவனையே பார்த்தார்கள்.

“ப்… போயிடலாம்னு இருந்தேன். குழுவை விட்டு. கி… கிட்டார் வேணும்ல உங்களுக்கு. டெர்ரி இடத்துக்கு.”

ஆல்பி சிப்ஸை மென்றதை நிறுத்தினான். டெஸ் வினிகர் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டான்.

“டெர்ரி இடத்துக்கா? அதுக்கு ஆறு கம்பிக்காரன் தெருவுக்கு ஒம்போது பேரு இருக்கான்டா கழுதை. ஒருத்தனைப் பிடிச்சுப் போட்டிருக்க மாட்டேனா?” ஒரு சிப்ஸை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தான். “உன் குரலு பாவம் தனியா நிக்குதேன்னுதான் அதை வாங்கினேன். நீ போனா அதை வச்சுக்கிட்டு நான் யாருக்குடா வாசிக்கிறது?”

வின்ஸின் உதடு மறுபடியும் ஒட்டிக்கொண்டது. அவன் சொல்லட்டும் என்று அவர்களும் அவசரப்படுத்தவில்லை. சிப்ஸ் ஆறிக்கொண்டிருந்தது.