ஐந்து கால் மிருகமும் என் கைப்பழக்கமும்

தறிமேல் ஜக்கார்டு பெட்டி டக்டக்கென்று தட்டும் சத்தத்தில் எனக்கு இப்போதும் ஒரு மிருகம் நடந்துவரும். ஐந்து கால், வாய் நிறையப் பல், வால் நுனியில் பூசணிப்பூ.

நான் ஆரணியில் பட்டுக்கு டிசைன் போடுகிறவன். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகக் கிராஃப் போட்டுத் தறிக்கு அனுப்புவேன். மிருகத்தைக் கொண்டுவந்தவர் ஒலேனா அம்மா, உக்ரைன் நாட்டு ஓவியர், எழுபது வயது. சென்னையில் கண்காட்சிக்கு வந்திருந்தார். குண்டு விழுந்து வீட்டோடு படங்களெல்லாம் எரிந்துபோய், மிஞ்சியது செல்போனில் இருந்த இந்த ஒன்றுதான். அதைப் பட்டில் பெரிதாக நெய்து சுவரில் மாட்ட வேண்டும்.

முதலாளி பார்த்தார். "இன்னா மிருகம்ங்க இது? அஞ்சு காலு கீது?"

செல்போன் மொழிபெயர்த்தது. அம்மாவின் முகம் சுருங்கியது. அவர் பதிலைச் செல்போன் செய்தி வாசிப்பதுபோல் சொன்னது: "இளமையில் ஆஸ்பத்திரிச் சுவரில் இதை வரைந்தேன். அன்றைய ஆட்சியின் அதிகாரிகள் வந்து இதையே கேட்டார்கள். அதன்மேல் சுண்ணாம்பு அடித்து மறைத்தார்கள். பால் கேன்களுக்கு எண் எழுத என்னை அனுப்பினார்கள். எட்டுக்கு மட்டும் மீசை வைப்பேன்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "அஞ்சு காலும் இருக்கட்டும்பா. எதையும் எடுத்துடாத."

கால்களில் வைத்த கவனத்தை நான் வேறெதிலும் வைக்கவில்லை. மயிலோ மாங்காயோ, எங்களுக்கு எல்லாம் புட்டாதான்; ஒன்றை வரைந்தால் சேலை முழுக்கப் பூக்கும். கைப்பழக்கத்தில் ரிப்பீட் போட்டுவிட்டேன்.

அம்மா ஊர் திரும்பும் நாளில் நெசவுக்காரர் கஸ்தூரி அக்கா தறியிலிருந்து துணியை அறுத்து விரித்தார். உள்ளங்கை அளவில் நாற்பத்தெட்டு மிருகங்கள், வரிசை பிசகாமல்.

"இன்னாக்கா, ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

"நீ அனுப்ச்ச, நான் நெய்ஞ்சேன். அவங்க ஊர்ல இதுங்க கூட்டமா மேயும் போலனு நெனச்சேன்."

மாலை விமானம், மறுபடி நெய்ய நேரமில்லை. முதலாளி பார்த்த பார்வையில் என் இருபது வருஷ வேலை ஆடியது. அம்மா குனிந்து எண்ணினார். தோள் குலுங்கியது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். நிமிர்ந்தவர் சிரித்துக்கொண்டிருந்தார். கத்தரிக்கோல் வாங்கி, ஓரத்து மிருகம் ஒன்றை வெட்டிக் கஸ்தூரி அக்கா கையில் வைத்தார்.

இப்போதெல்லாம் மவுஸைத் தொடும் முன்பே "ஒண்ணா, நெறையவா?" என்று கேட்டுவிடுகிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களும் கேளுங்கள். எல்லாரும் சிரிக்கமாட்டார்கள்.

அன்று டாக்சிக் கதவைப் பிடித்தபடி அம்மா பேச, செல்போன் சொன்னது: "என் தெருக்காரர்கள் பல நாடுகளில் சிதறியிருக்கிறார்கள். ஆளுக்கொன்று அனுப்புவேன். சுண்ணாம்பு வாளியோடு வருகிறவர்கள் இனி நிறைய அலைய வேண்டும்."

அம்மா ஏறியதும் கஸ்தூரி அக்கா டாக்சி ஜன்னலில் குனிந்தார். "பத்தலன்னா சொல்லுங்கம்மா. தறியில இன்னும் பாவு நூலு கீது."